மாண்ட்ரோஸ் முனையில் வசந்தம்



மிஷிகன் ஏரியை முதன்முதலாகக் காண்பவர்கள் அதனை ஏரி என்று எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வடக்கு தெற்காக அது ஏறக்குறைய 490 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது; எதிர்க்கரை கண்ணுக்குப் புலப்படுவதில்லை; காற்று கிளம்பிவிட்டால் அலைகள் ஆளுயரம் எழும்பிக் கரைக்கற்களின்மேல் மோதிச் சிதறும். அந்த நன்னீர்க் கடலின் தென்மேற்குக் கரையில் அமைந்தது சிகாகோ மாநகரம். 1893ஆம் ஆண்டில் அங்கே கூடிய சர்வமத மகாசபைக்குச் சுவாமி விவேகானந்தர் செல்லும்படி சென்னை அன்பர்களும் ராமநாதபுரம் சேதுபதி மன்னரும் ஊக்கம் அளித்த வரலாற்றை நாம் படித்திருப்பதால், அந்நகரத்தின் பெயர் நம் செவிக்குப் புதியதன்று. இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது அந்நகரத்தின் வட பகுதியில், ஏரிக்குள் சற்றே நீண்டு நிற்கும் ஒரு சிறு நிலத்தைப் பற்றியும், வசந்த காலத்தில் அங்கே இறங்கி இளைப்பாறிவிட்டுச் செல்லும் பறவைகளைப் பற்றியும் ஆகும்.

மாண்ட்ரோஸ் முனை என்பது அந்நிலத்தின் பெயர். ஏரிக்கரையை ஒட்டி நெடுக நீண்டிருக்கும் லிங்கன் பூங்காவின் ஒரு பகுதி அது. இயற்கையாகவே அமைந்த கரை என்று அதனைச் சொல்வதற்கில்லை; சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் நகரத்தார் மண்ணும் கல்லும் கொட்டி ஏரியைத் தூர்த்து அதனை உண்டாக்கினார்கள். 1930களில் ஆல்பிரட் கால்ட்வெல் என்ற பூங்காக் கலைஞர் அங்கே மரங்களையும் புல்வெளிகளையும் ஒழுங்குபட அமைத்தார். பிறகு உலக யுத்தம் முடிந்து, அமெரிக்காவும் சோவியத் நாடும் ஒன்றையொன்று ஐயுற்று ஆயுதம் குவித்த காலத்தில், பெருநகரங்களைச் சுற்றி நைக்கி ஏவுகணைத் தளங்கள் நிறுவப்பட்டபோது, இந்த முனையும் ராணுவத்தின் கைக்குப் போயிற்று. படைவீரர்களின் குடியிருப்பு பூங்காவுக்கு வருவோர் கண்ணில் படாதிருக்கும் பொருட்டு, ராணுவத்தார் ஹனிசக்கிள் என்னும் புதர்ச்செடியை வரிசையாக நட்டு ஓர் உயிர்வேலி வளர்த்தார்கள். 1970களில் ராணுவம் அகன்றது, கட்டடங்கள் மறைந்தன, ஏறக்குறைய 150 கஜ நீளமுள்ள அந்த வேலி மாத்திரம் அங்கேயே நின்றது. அந்த வேலியிலே, வசந்தத்தின் விடியற்காலைகளில், வேறெங்கும் காணக் கிடைக்காத அளவுக்குப் பறவைகள் கூடுவதைக் கண்ட உள்ளூர் அன்பர்கள் அதனை மாயவேலி என்று வழங்கலானார்கள். வேலியைச் சூழ்ந்த பகுதி இன்று பறவைப் புகலிடமாகப் போற்றப்படுகிறது. அம்முனையில் இதுவரை பதிவான பறவை இனங்கள் 300க்கும் மேற்பட்டவை. அழிவுக்கென்று அமைந்த ஒரு நிலையத்தை மறைப்பதற்காக நட்ட செடி, அந்நிலையம் போன பின்பு ஆயிரக்கணக்கான உயிர்களுக்கு நிழலும் ஆகாரமும் அளித்து நிற்பதை எண்ணும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது.

நம் நாட்டில் வலசைப் பறவைகளை நாம் காண்பது பனிக்காலத்தில். கோடியக்கரையின் சதுப்புகளிலே ஐப்பசி, கார்த்திகையில் வந்திறங்கி, பங்குனி வெயில் ஏறியதும் வடதிசை நோக்கிப் புறப்பட்டுவிடும் விருந்தாளிகளையே நாம் அறிவோம். ஆறுமணிக்குருவி என்று நாம் அழைக்கும் வண்ணப்பறவை, வடக்கேயும் மத்திய இந்தியாவிலும் உள்ள காடுகளிலிருந்து தெற்கே வரும் பிரயாணத்தின் இடையில், இறகசைக்கவும் இயலாத சோர்வோடு சென்னை நகரத்து வீட்டுத் தோட்டங்களில் ஒதுங்கியிருப்பதை உங்களில் சிலர் கண்டிருக்கவும் கூடும். அந்த ஒரு பறவையை மனத்தில் நிறுத்திக்கொண்டீர்களானால், மாண்ட்ரோஸ் முனையில் நிகழ்வது இன்னதென்று உங்களுக்கு விளங்கிவிடும்.

மத்திய அமெரிக்காவிலும், கரீபியத் தீவுகளிலும், தென்னமெரிக்கக் கானகங்களிலும் குளிர்காலத்தைக் கழித்த சிறு பறவைகள், கோடையில் புழுபூச்சிகள் மலிந்து பகற்பொழுது நீண்டு விளங்கும் கனடா நாட்டு ஊசியிலைக் காடுகளுக்குக் குஞ்சு பொரிக்கச் செல்கின்றன. செல்லும் காலம் வந்துவிட்டதென்று அவற்றுக்கு அறிவிப்பது யார்? கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் வில்லியம் ரோவன் என்ற பேராசிரியர் 1920களில் இந்தக் கேள்விக்கு விடை காண முயன்றார். ஜங்கோ என்னும் சிறு குருவிகளை, உறைபனிக் காலத்தில், திறந்த வெளியில் கூண்டுகளில் வைத்து, மின்விளக்கினால் நாள்தோறும் பகலைச் சில நிமிஷங்கள் நீட்டிக்கொண்டே போனார். வெளியே குளிர் சற்றும் தணியாதிருக்க, அப்பறவைகளின் உடம்பில் மட்டும் வசந்த கால மாறுதல்கள் தோன்றிவிட்டன. வெப்பத்தைக் காட்டிலும் ஒளியின் நீளமே அவற்றுக்குக் காலத்தை உணர்த்துகிறது என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

காலம் தெரிந்தது, திசை எப்படித் தெரிகிறது? இவற்றுள் பெரும்பாலானவை இரவிலே பறப்பவை. ஸ்டீபன் எம்லென் என்ற அறிஞர் இண்டிகோ பண்டிங் என்னும் நீலக்குருவிகளைச் செயற்கை வானம் காட்டும் கோளரங்கத்தில் வைத்து ஆராய்ந்து, அவை நட்சத்திரங்களைக் கொண்டு திசை அறிகின்றன என்று 1967இல் எழுதினார். அதைவிட ஆச்சரியமான பரிசோதனை ஒன்று அதற்குப் பின் நடந்தது. கூட்டிலிருந்து எடுத்து வளர்த்த குஞ்சுகளுக்கு, துருவ நட்சத்திரத்தைச் சுற்றிச் சுழலும் உண்மையான வானத்தைக் காட்டாமல், நாம் திருவாதிரை என்று வணங்கும் செந்நிற நட்சத்திரத்தையே அச்சாகக் கொண்டு சுழலும்படி அமைத்த ஒரு வானத்தைக் காட்டி வளர்த்தார். வலசைப் பருவம் வந்தபோது அக்குஞ்சுகள் திருவாதிரையையே வடதிசை என்று கொண்டு, அதற்கு எதிர்ப்பக்கமாகப் புறப்பட முயன்றன. ஆகவே நட்சத்திரங்களின் வடிவத்தைப் பிறவியிலேயே மனத்தில் எழுதிக்கொண்டு அவை வருவதில்லை. இளமையில் ஆகாயத்தை அண்ணாந்து பார்த்து, சுழலாமல் நிற்கும் இடம் எதுவென்று தாமே கற்றுக்கொள்கின்றன. இத்தனை சிறிய தலைக்குள் இத்தகைய கல்வி அடங்கியிருப்பதைக் கேட்டு வியக்காதவர் யார்?

சூரியன் மறைந்து அரைமணி, முக்கால்மணி நேரத்துக்குள் அவை கிளம்புகின்றன. இரவில் காற்று குளிர்ந்து அமைதியாயிருக்கும். பருந்து முதலிய பகைவர்களின் தொல்லை குறைவு. பகல் முழுவதும் இரை தேடுவதற்கு மிஞ்சும். இரண்டாம் உலக யுத்தத்தில் ராடார் கருவிகளை இயக்கியவர்கள், விமானம் என்று கொள்ள இயலாத புள்ளிகள் திரையில் ஊர்வதைக் கண்டு, அவற்றைத் தேவதூதர்கள் என்று பெயரிட்டு அழைத்தார்கள். அவற்றுட் பல, இரவில் பறக்கும் பறவைக் கூட்டங்களே என்பது பின்னர் புலனாயிற்று. இக்காலத்தில் வானிலை ராடாரின் உதவியைக் கொண்டே, இன்ன இரவில் இத்தனை பறவைகள் பறக்கக்கூடும் என்று முன்கூட்டியே அறிவிக்கிறார்கள்.

வசந்தத்தில் தெற்கிலிருந்து வெதுவெதுப்பான காற்று வீசும் இரவுகளே அவற்றுக்கு உகந்தவை. அப்படிப் புறப்பட்டு வரும் கூட்டத்துக்கு எதிரே, விடியும் தறுவாயில், வடதிசையிலிருந்து குளிர்காற்றும் மழையும் வந்து முட்டுமானால், அவை மேலே செல்ல மாட்டாமல் கண்ட இடத்தில் இறங்கிவிடும். ஏரிக்கு மேலே பறக்கையில் பொழுது விடிந்துவிட்ட பறவைகளோ, கரையை நாடித் திரும்பும். அவற்றின் கண்ணுக்கு எட்டிய வரையில் செங்கல்லும், கண்ணாடியும், தார்ச்சாலையுமாகவே தோன்றுகிற மாநகரத்தின் ஓரத்தில், நீருக்குள் நீண்டு நிற்கும் பசுமை ஒன்றே ஒன்று தென்படுகிறது. வேறு போக்கிடம் இல்லாமையால் அத்தனையும் அங்கே இறங்குகின்றன. மாயவேலியின் மாயம் இவ்வளவுதான்.

மார்ச்சு மாதத்தில், பனி முற்றும் உருகாத நிலத்திலே, நீண்ட அலகுடைய வுட்காக் என்னும் பறவை வந்துவிடுகிறது. ஏப்ரலில் பலவகைச் சிட்டுகளும், உதிர்ந்த சருகுகளைக் கிளறி இரைதேடும் ஹெர்மிட் திரஷ் பறவையும் வருகின்றன. படகுத்துறையின் அருகே உயர்ந்த கம்பங்களில் அமைத்த மரவீடுகளுக்கு, பிரேசில் நாட்டிலிருந்து பர்ப்பிள் மார்ட்டின் என்னும் கருநீலத் தகைவிலான்கள் வந்து சேர்கின்றன. ராக்கி மலைகளுக்குக் கிழக்கே அந்த இனம் ஏறக்குறைய முழுவதும் மனிதர் அமைத்துத் தரும் கூடுகளிலேயே குஞ்சு பொரிக்கிறது. ஐரோப்பியர் வருவதற்கு முன்பே அந்நாட்டுப் பழங்குடி மக்கள் சுரைக்குடுக்கைகளைக் கட்டித் தொங்கவிட்டு அவற்றுக்கு இடமளித்தார்கள் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும்.

ஆனால் அன்பர்கள் காத்திருப்பது மே மாதத்தின் இடைப்பகுதிக்குத்தான். ஓக் மரங்கள் இளந்தளிரும் பூங்கொத்தும் விட்டு, அத்தளிர்களில் சிறு கம்பளிப்புழுக்கள் நிறையும் அதே நாட்களில், வார்ப்ளர் என்று அந்நாட்டார் அழைக்கும் சின்னஞ்சிறு பறவைகள் இனம் இனமாக வந்திறங்குகின்றன. எடையோ பத்துப் பன்னிரண்டு கிராமுக்கு மேற்படாது. அவற்றுள் பிளாக்பர்னியன் வார்ப்ளர் என்பதன் ஆண்பறவையை நான் அங்கே கண்டேன். காடுகளில் அது மரத்தின் உச்சிக்கிளையை விட்டு இறங்காத பறவை என்றும், கழுத்து நோக அண்ணாந்து பார்த்தாலும் வயிறு மாத்திரமே தெரியும் என்றும் சொல்வார்கள். அன்று காலை ஏரிக்காற்று குளிர்ந்திருந்தது. பூச்சிகள் மேலே எழாமல் தரையை ஒட்டியே முடங்கிக் கிடந்தன. ஆதலால் அந்தப் பறவையும் முழங்கால் உயரத்துப் புதருக்கு இறங்கி வந்து, எங்களில் ஒருவரையும் பொருட்படுத்தாமல் பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்தது. கறுப்பும் வெள்ளையும் கலந்த அவ்வுடம்பில், தொண்டையும் முகமும் மட்டும் சுடர்விடும் ஆரஞ்சு நிறம். தொலைநோக்கி அவசியப்படவில்லை. என் அருகே நின்றிருந்த ஒரு மூதாட்டியார், எத்தனையோ வசந்தங்களில் அப்பறவையைக் கண்டிருக்கக்கூடியவர், கண்களைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

அங்கே கூடும் மனிதர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற முதியோர், அலுவலகம் செல்லுமுன் ஒருமணி நேரம் ஒதுக்கி வருவோர், பள்ளிச் சிறுவர் என்று பலதிறத்தார் கூடினாலும், உரக்கப் பேசுவோர் இல்லை. ஒருவர் ஒரு பறவையைக் கண்டால் அதனைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல், முன்பின் அறியாத பக்கத்து மனிதருக்கு இடம் சொல்லிக் காட்டுகிறார். பாதையை விட்டு விலகிப் புதருக்குள் நுழைவோரை மற்றவர் மெல்லத் தடுக்கிறார்கள். இந்தப் பழக்கம் தானே உண்டானதன்று. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் பறவையை அறிவதென்றால் சுட்டு வீழ்த்திக் கையில் எடுத்துப் பார்ப்பது என்றே அந்நாட்டில் பொருள். 1886இல் பிராங்க் சாப்மன் என்ற பறவையறிஞர் நியூயார்க் வீதிகளில் உலவிப் பெண்டிர் அணிந்த தொப்பிகளைக் கணக்கெடுத்தபோது, 700 தொப்பிகளில் 542இல் பறவைகளோ அவற்றின் இறகுகளோ இருக்கக் கண்டார். அந்நிலையில், 1889ஆம் ஆண்டில், நாடகக் கொட்டகைக்கு எடுத்துச் செல்லும் சிறு கண்ணாடியைக் கொண்டே உயிருள்ள பறவையைப் பார்த்து அறியலாம் என்று புளோரன்ஸ் மெரியம் என்ற இளம்பெண் நூல் எழுதினார். 1934இல் ரோஜர் டோரி பீட்டர்சன் வெளியிட்ட கையேடு அந்த வழியைச் சாமானிய மக்கள் அனைவருக்கும் திறந்துவிட்டது. துப்பாக்கியிலிருந்து கண்ணாடிக்கு மாறிய இந்த மாற்றத்தை நாகரிகத்தின் பெரிய வெற்றிகளுள் ஒன்றாகவே நான் மதிக்கிறேன்.

மே மாதத்தின் பிற்பகுதியில், மற்ற வார்ப்ளர்கள் பெரும்பாலும் கடந்து சென்ற பின்னர், கருந்தொப்பி அணிந்தாற்போன்ற தலையுடைய பிளாக்போல் வார்ப்ளர் வருகிறது. பார்வைக்கு எளிய பறவை. இலையுதிர் காலத்தில் இதே பறவை வடகிழக்குக் கரைக்குச் சென்று, தின்று கொழுத்துத் தன் எடையை ஏறக்குறைய இரட்டித்துக்கொண்டு, அட்லாண்டிக் சமுத்திரத்தின் மேலே இரண்டு மூன்று நாட்கள் இடைவிடாமல் பறந்து கரீபியத் தீவுகளை அடைகிறது. மிக இலேசான சிறு கருவிகளை அதன் முதுகில் பொருத்தி அனுப்பிய ஆராய்ச்சியாளர்கள், 2,200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்த நெடும்பறத்தலை ஐயமற நிரூபித்து 2015இல் வெளியிட்டார்கள். வசந்தத்தில் திரும்பும்போதோ, அது அவ்வாறு துணிவதில்லை. தீவுகளையும் பிளாரிடாவையும் தொட்டு, இடையிடையே இறங்கி உண்டு, நிதானமாக வடக்கே போகிறது. கூடு கட்டும் இடத்தைப் பட்டினியோடு அடைந்து பயனில்லை அல்லவா?

நான் இன்று வற்புறுத்திச் சொல்ல விரும்பும் செய்தி இந்த இடத்தில்தான் இருக்கிறது. வலசை என்றவுடன் நம் கற்பனை பறத்தலையே நினைக்கிறது. 2003ஆம் ஆண்டில் மார்ட்டின் விகெல்ஸ்கியும் அவருடைய தோழர்களும் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் மத்தியப் பிரதேசத்தில் திரஷ் பறவைகளின் உடம்பில் சிறு வானொலிக் கருவிகளை இணைத்து, இரவு முழுவதும் மோட்டார் வண்டியில் அவற்றைப் பின்தொடர்ந்து சென்று, பறத்தலில் எவ்வளவு சக்தி செலவாகிறது, தங்குதலில் எவ்வளவு செலவாகிறது என்று அவர்கள் அளந்தார்கள். பிரயாணம் முழுவதற்கும் ஆகும் சக்தியில் ஏறக்குறைய 29 சதவிகிதமே பறத்தலுக்குச் செலவாவதாகவும், மிகுதியெல்லாம் வழியில் தங்கி, குளிர் தாங்கி, இரைதேடி, மீண்டும் உடம்பைத் தேற்றிக்கொள்ளும் நாட்களுக்கே செலவாவதாகவும் கண்டார்கள். அப்படியானால் தங்குமிடமே பிரயாணத்தின் பெரும்பகுதி என்று ஆகிறது. ராமேசுவரத்துக்கும் காசிக்கும் கால்நடையாகச் சென்ற யாத்திரிகர்களுக்காக நம் முன்னோர் நெடுவழியெங்கும் சத்திரம் அமைத்து, கிணறு வெட்டி, சோறிட்டார்களே, யாத்திரிகர் அங்கே குடியிருக்கப் போவதில்லை என்று தெரிந்தும் அமைத்தார்களே, மாண்ட்ரோஸ் முனையும் அத்தகைய ஒரு சத்திரமே. கூடுகட்டும் காட்டையும் குளிர்காலக் காட்டையும் காப்பாற்றிவிட்டு, இடையிலுள்ள சில ஏக்கர் புதர்களை அழித்துவிட்டால், பிரயாணம் நடுவழியிலே முடிந்துவிடும்.

அதே நகரம் அப்பறவைகளுக்கு இழைக்கும் கேட்டையும் சொல்லாமல் இருப்பது நேர்மையாகாது. இரவில் எரியும் விளக்குகள் அவற்றை வழிமயங்கச் செய்து கீழே இழுக்கின்றன. விடிந்தபின், கண்ணாடியில் பிரதிபலிக்கும் மரத்தை மெய்யான மரமென்று கருதி அவை மோதி மடிகின்றன. வலசைப் பறவைகளுக்கு ஒளியினால் நேரும் அபாயத்தில் அமெரிக்க நகரங்கள் எல்லாவற்றிலும் சிகாகோவே முதலிடம் வகிப்பதாக 2019இல் ஓர் ஆய்வு கூறிற்று. மாண்ட்ரோஸ் முனைக்குத் தெற்கே, அதே ஏரிக்கரையில், மெக்கார்மிக் பிளேஸ் என்ற பெரும் மாநாட்டுக் கட்டடம் நிற்கிறது. பீல்ட் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டேவிட் வில்லர்ட் என்பவர் 1978 முதல் அக்கட்டடத்தைச் சுற்றி வந்து, மோதி விழுந்த பறவைகளைப் பொறுக்கி, அளந்து, எழுதிவைத்தார். பல்லாண்டுகள் தொடர்ந்து இத்துயரப் பணியைச் செய்த அந்த மனிதரின் பொறுமை போற்றத்தக்கது. அவர் குறிப்புகளைக் கொண்டு 70,716 பறவைகளை ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, நாற்பதாண்டு காலத்தில் அவற்றின் உடல் சிறுத்தும் சிறகு நீண்டும் வந்திருப்பது வெளிப்பட்டது; பூமி வெப்பமடைவதோடு உடல் சிறுப்பதற்குத் தொடர்பு இருப்பதாக அறிஞர் கருதுகிறார்கள்.

2023ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் விடியலில், அந்த ஒரே கட்டடத்தின் அடியில் ஏறக்குறைய ஆயிரம் பறவைகள் இறந்து கிடந்தன. அது இலையுதிர் காலத்து வலசை. வசந்தத்தில் வந்தவையும் அவற்றின் குஞ்சுகளுமே தெற்கே திரும்புகையில் அவ்வாறு மாண்டன. அக்கட்டடத்தின் ஒளிவிடும் ஜன்னல்களைக் குறைத்தாலே மோதல்கள் ஏறக்குறைய 60 சதவிகிதம் குறையும் என்று 2021இல் ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டிருந்தது. ஊரார் மனம் பொறாமல் முறையிட்டதன் பயனாக, 2024இல் கண்ணாடிகள் முழுவதிலும் இரண்டு அங்குல இடைவெளியில் சிறு புள்ளிகள் இட்ட மென்தகடு ஒட்டப்பட்டது. அதன்பின் சாவுகள் மிகப் பெருமளவு குறைந்துவிட்டன. இத்தனை எளிய உபாயம் கையில் இருக்க, எத்தனையோ கட்டடங்கள் இன்னும் வாளாவிருப்பதை நினைத்தால் நெஞ்சு வேகிறது.

மாண்ட்ரோஸ் கடற்கரையென்றே அழைக்கப்படும் அவ்வேரியின் மணற்பரப்பில், 2019ஆம் ஆண்டில் பைப்பிங் பிளவர் என்னும் மணல்நிறச் சிறு உப்புக்கொத்தி ஜோடி ஒன்று கூடு அமைத்தது. மிஷிகன் ஏரியை உள்ளிட்ட பேரேரிகளைச் சார்ந்த அந்தப் பறவைக் கூட்டம் 1980களில் இருபது ஜோடிகளுக்கும் குறைவாக அருகிப்போயிருந்தது. அதுவரை சிகாகோவில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒன்றேனும் கூடு கட்டியிருக்கவில்லை. ஊரார் ஆண்பறவைக்கு மாண்டி என்றும் பெண்பறவைக்கு ரோஸ் என்றும் பெயரிட்டு, முறைவைத்துக் காவல் இருந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் திரளவிருந்த பெரிய இசைவிழா ஒன்று அவ்வாண்டு அக்கரையில் நடைபெறாமல் கைவிடப்பட்டது. குளிர்காலத்தில் மாண்டி டெக்சாஸ் கரையிலும் ரோஸ் பிளாரிடாக் கரையிலுமாகப் பிரிந்து வாழ்ந்து, வசந்தத்தில் மீண்டும் அதே மணலில் வந்து சேர்ந்தன. 2022இல் ரோஸ் திரும்பவில்லை. மாண்டி மட்டும் வந்து, சில வாரங்களில் அக்கரையிலேயே இறந்தது. அவற்றின் குஞ்சுகளுள் ஒன்றான இமானி பின்னர் அதே கரையை நாடி வந்து, 2024இல் துணை பெற்றுக் கூடு கட்டியது.

இச்சபையில் உள்ளவர்களுள் சிலருடைய பிள்ளைகள் அந்நகரில் வசிப்பதை அறிவேன். சித்திரை இறுதியிலோ வைகாசித் தொடக்கத்திலோ நீங்கள் அங்கே செல்ல நேர்ந்தால், தென்காற்று வீசிய இரவுக்கு மறுநாள் விடியலில், கதகதப்பான உடை அணிந்து, மாண்ட்ரோஸ் முனைக்குச் செல்லுங்கள். பாதையிலேயே நின்று, அசையாமல் பார்த்துக்கொண்டிருங்கள். அருகிலுள்ளவர் பெயர் சொல்லித் தருவார். பிள்ளைகள் உயர்ந்த மாடிக் குடியிருப்புகளில் வசிப்பவர்களாயின், வலசை நடக்கும் மாதங்களில் இரவு பதினொரு மணிக்குமேல் விளக்கை அணைக்கவோ, திரையையேனும் இழுத்துவிடவோ அவர்களிடம் சொல்லுங்கள். அந்நகரத்து உயர்மாடங்கள் பல 1995 முதல் அவ்வாறே செய்துவருகின்றன.